குழந்தைகள் வார்டில் கோமாளி

(குழந்தை நலப் பணியாளர் பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரையின் தலைப்பைப் படித்ததும் உங்களில் சிலர் புன்னகை செய்ததைக் கவனித்தேன். அதில் வியப்பில்லை. நம் பேச்சு வழக்கில் ‘கோமாளி’ என்பது வசைச் சொல். ஓர் அதிகாரியைக் கோமாளி என்று சொல்லிவிட்டால், அவர் கோப்பில் எழுதிய குறிப்பை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. ஆயினும் பல நாடுகளின் குழந்தைகள் மருத்துவமனைகளில் இன்று கோமாளிகள் பயிற்சி பெற்று, முறை வைத்து, பல இடங்களில் ஊதியமும் பெற்றுப் பணியாற்றுகின்றனர். அவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள், அதனால் நோயுற்ற குழந்தைக்கு விளைவது யாது, நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் அதற்கு இடமுண்டா என்பவற்றைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

முதலில், மருத்துவமனை குழந்தையை என்ன செய்கிறது என்று பார்ப்போம். நோயைக் குணப்படுத்துகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் குணப்படுத்தும் பொருட்டே குழந்தையிடமிருந்து சிலவற்றைப் பறித்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் 1952இல் ஒரு திரைப்படம் வெளியிட்டார். தொப்புள் குடலிறக்கத்திற்காக எட்டு நாட்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை நாள்தோறும் குறித்த நேரத்தில் படமெடுத்திருந்தார். அக்காலத்தில் அங்கே தாய் உடனிருக்க அனுமதியில்லை. பார்வையாளர் நேரத்தில் வந்து போகலாம், அவ்வளவே. அந்தச் சிறுமி ஓயாமல் அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. அடக்கிக்கொண்டாள். நாட்கள் செல்லச் செல்ல அவள் முகம் இறுகிப்போவதைப் படம் காட்டியது. வார்டில் அழாமல் கிடக்கும் குழந்தை ‘நல்ல குழந்தை’ என்றும், பழகிவிட்டது என்றும் எண்ணியிருந்த மருத்துவ உலகம் அந்தப் படத்தைக் கண்டு முதலில் சினமுற்றது. பின்னர் சிந்திக்கத் தொடங்கியது. 1959இல் வெளியான பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் தடையின்றிக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றும், சிறு குழந்தைகளின் தாய்மாரை உடன் தங்க வைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

நம் அரசு மருத்துவமனைகளில் தாய் எப்போதுமே உடனிருந்து வந்திருக்கிறாள். இதை நாம் உளவியல் படித்துச் செய்யவில்லை. செவிலியர் எண்ணிக்கை போதாது. பாலூட்டவும், துடைக்கவும், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடவும் ஆள் வேண்டும். ஆகவே தாய் இருந்தாள். காரணம் எதுவாயினும் பயன் பெரிது. மற்றவர்கள் நெடுநாள் போராடிப் பெற்ற ஒன்று நம்மிடம் இயல்பாகவே இருக்கிறது.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நரம்பில் ஊசி ஏற்றும்போது குழந்தையின் கையையும் காலையும் அழுத்திப் பிடிப்பவள் யார்? பெரும்பாலும் தாய்தான். ‘அம்மா, நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று நாமே சொல்கிறோம். குழந்தைக்கு உலகத்தில் இருந்த ஒரே அடைக்கலம் அந்த நிமிடத்தில் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. வலி கால் நிமிடத்தில் தீர்ந்துவிடும். வெள்ளை அங்கியைக் கண்டதும் அலறும் அச்சம் அத்தனை விரைவில் தீராது. அடுத்த முறை ஊசி ஏற்றுவது அதனாலேயே மேலும் கடினமாகிறது. அஞ்சும் குழந்தைக்கு வலி மிகுதியாகத் தெரிகிறது; வலி மிகுந்தால் அச்சம் இன்னும் வளர்கிறது.

உண்ணும் நேரம், உறங்கும் நேரம், உடுக்கும் உடை, உடலை யார் தொடலாம் என்பது எதுவுமே மருத்துவமனையில் குழந்தையின் கையில் இல்லை. ‘வேண்டாம்’ என்று அது எவ்வளவு உரக்கச் சொன்னாலும் அச்சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. மதிப்பளித்தால் சிகிச்சை நடவாது. கோமாளியின் வேலை சரியாக இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

1986இல் நியூயார்க்கில் பிக் ஆப்பிள் சர்க்கஸ் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரான மைக்கேல் கிறிஸ்டென்சன் என்ற கோமாளிக் கலைஞர், ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் ‘கோமாளி மருத்துவப் பிரிவு’ ஒன்றைத் தொடங்கினார். அவருடைய சகோதரர் ஒருவர் புற்றுநோயால் மறைந்து சிறிது காலமே ஆகியிருந்தது. அவர் செய்தது எளியது. மருத்துவர்கள் வார்டைச் சுற்றி வருவதைப் போலவே கோமாளிகளும் வெள்ளை அங்கி அணிந்து, ஸ்டெதாஸ்கோப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு சுற்றி வந்தனர். சிவப்பு மூக்கு மாற்று அறுவை செய்தனர். இரத்தத்திற்குப் பதிலாகச் சாக்லெட் பால் ஏற்றப்போவதாக அறிவித்தனர். குழந்தையை அச்சுறுத்திய அதே கருவிகளும் அதே உடையும் அதே மிடுக்கும் கேலிக்குரியவையாயின. வட்டாட்சியர் அலுவலகத்தில் பன்முறை அலைந்த ஒருவர், கூத்து மேடையில் கட்டியங்காரன் வட்டாட்சியரைப் போல நடந்து காட்டும்போது எப்படிச் சிரிப்பாரோ அந்தச் சிரிப்பு இது.

இம்முயற்சி பரவ நெடுங்காலம் பிடிக்கவில்லை. பிரான்சிலும் பிரேசிலிலும் 1991இல், ஸ்விட்சர்லாந்தில் 1993இல் இத்தகைய அமைப்புகள் தோன்றின. இஸ்ரேலில் 2002இல் தொடங்கிய அமைப்பு, கோமாளியைச் சிகிச்சைக் குழுவின் ஓர் உறுப்பினராகவே ஆக்கியது. ஹைஃபா பல்கலைக்கழகத்தில் இத்துறைக்குப் பட்டப் படிப்பும் நடத்தப்பட்டது. அர்ஜென்டினாவின் புவெனோஸ் அயர்ஸ் மாகாணம் 2015இல் ஒரு படி மேலே சென்று, குழந்தைகள் சிகிச்சைப் பிரிவுள்ள பொது மருத்துவமனைகளில் கோமாளிகள் இருக்க வேண்டும் என்று சட்டமே இயற்றியது. சட்டத்தால் சிரிப்பை வரவழைக்க முடியுமா என்பது வேறு கேள்வி. ஆயினும் நிதி ஒதுக்கீட்டிற்குச் சட்டம் பயன்படும் என்பதை இங்குள்ள அலுவலர்கள் அறிவார்கள்.

வாயிற்படியில் நின்று கேட்பது

இப்பணி நடைபெறும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மதிப்பெல்லாம் அம்முறையில்தான் இருக்கிறது.

நல்ல அமைப்புகளில் கோமாளிகள் பெரும்பாலும் இருவராகவே செல்வர். இருவர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே சண்டையிட்டுக்கொள்ளலாம், தடுக்கி விழலாம், ஒருவரை ஒருவர் ஏமாற்றலாம். குழந்தை எதுவும் செய்ய வேண்டியதில்லை, படுத்தபடியே பார்த்துக்கொண்டிருக்கலாம். நேராக வந்து ‘சிரி, சிரி’ என்று கேட்கும் ஒற்றை ஆளைவிட இது எத்தனையோ மேல்.

வார்டுக்குள் நுழையுமுன் அவர்கள் பொறுப்புச் செவிலியரிடம் குறிப்புப் பெறுகின்றனர். எந்தப் படுக்கையில் தொற்று நோய், யார் இன்று அறுவைக்குச் செல்கிறார், எவர் வீட்டுக்குத் துயரச் செய்தி வந்திருக்கிறது என்பன அதில் அடங்கும். அறுவைக்காகப் பட்டினி வைக்கப்பட்ட குழந்தையிடம் இட்லியையும் லட்டுவையும் வைத்துப் பகடி செய்யலாகாது. வயிற்றில் தையல் போட்டிருக்கும் குழந்தையைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைப்பதும் கொடுமையே. மருத்துவரைப் போலவே இவர்களும் ஒவ்வொரு படுக்கைக்கும் கை கழுவ வேண்டும். கழுவ முடியாத துணிப் பொம்மையைப் படுக்கைக்குப் படுக்கை எடுத்துச் செல்லக் கூடாது. முகம் முழுதும் சாயம் பூசுவதைப் பெரும்பாலோர் கைவிட்டுவிட்டனர். சிறு குழந்தை அஞ்சுகிறது. ஒரு சிவப்பு மூக்கே போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வாயிற்படி. கோமாளி அறைக்குள் புகுவதில்லை. கதவருகே நின்று, ‘உள்ளே வரலாமா?’ என்று குழந்தையிடம் கேட்கிறான். தாயிடமோ செவிலியரிடமோ அன்று. குழந்தை ‘வேண்டாம்’ என்றால் தலை குனிந்து போய்விடுகிறான். போகும்போது கதவில் முட்டிக்கொள்ளலாம், அது அவனுடைய தொழில். அந்தக் குழந்தை அன்று சிரிக்கவே இல்லாதிருக்கலாம். ஆனால் தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒரு பெரிய மனிதன், அதுவும் வெள்ளை அங்கி அணிந்தவன், திரும்பிப் போவதை மருத்துவமனைக்கு வந்த பின் முதன்முறையாகக் காண்கிறது. என் கருத்தில், அன்றைய சிகிச்சை அங்கேயே நடந்து முடிந்துவிட்டது. மறுநாள் அதே குழந்தை கோமாளி எங்கே என்று கேட்டால் அதை மிகைப் பேறாகக் கொள்ள வேண்டும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என வகுக்கிறது. அவற்றுள் ஒன்று எள்ளல். ஏனையவை இளமையும் பேதைமையும் மடமும். பிறரை இகழ்ந்து பிறக்கும் சிரிப்புக்கு நோயுற்றோர் நடுவில் இடமில்லை. மொட்டைத் தலையையும் மெலிந்த கையையும் பார்த்து எவரும் விளையாட்டாகக்கூட ஒரு சொல் சொல்லக் கூடாது. அறியாமையிலும் தடுமாற்றத்திலும் பிறக்கும் நகையே கோமாளியின் முதலீடு. ஸ்டெதாஸ்கோப்பை எந்தப் பக்கம் காதில் வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஒன்றுமுதல் பத்துவரை எண்ணத் தெரியவில்லை. குழந்தைக்குத் தெரியும், குழந்தைதான் சொல்லித் தர வேண்டும். யாவரும் தனக்குக் கட்டளையிடும் இடத்தில் தன்னைவிட அறிவு குறைந்த ஒருவன் கிடைத்துவிட்டான் என்பது நோயாளிக் குழந்தைக்கு எத்தகைய ஆறுதல் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆய்வுகள் கூறுவது

சிரிப்பு நோயைப் போக்கும் என்று ஒருவர் சொன்னால் நான் அவரோடு உடன்படமாட்டேன். அமெரிக்க இதழாசிரியர் நார்மன் கசின்ஸ் தம் கடும் மூட்டு நோயின்போது நகைச்சுவைப் படங்களைப் பார்த்துப் பத்து நிமிடம் வாய்விட்டுச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியின்றி உறங்க முடிந்தது என்று 1976இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அக்கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அது ஒரு மனிதரின் அனுபவம். அதற்குமேல் அதை நீட்டுதல் கூடாது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தையைக் காப்பது மருந்துதான். அந்த மருந்தை ஏற்றும் நாட்களைக் குழந்தை எப்படிக் கடக்கிறது என்பதே நம் பொருள்.

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வின் முடிவு 2005இல் வெளியாயிற்று. சிறு அறுவைக்கு வந்த 5 முதல் 12 வயதுவரையுள்ள 40 குழந்தைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குப் பெற்றோருடன் கோமாளிகளும் மயக்கம் கொடுக்கும் அறைவரை உடன் சென்றனர். மற்றப் பிரிவுக்குப் பெற்றோர் மட்டும். கோமாளிகள் உடனிருந்த குழந்தைகளின் பதற்றம் தெளிவாகக் குறைந்திருந்தது. அதே ஆய்வில் மருத்துவர்களையும் செவிலியரையும் கேட்டபோது, குழந்தைக்கு இது நன்மையே என்று ஒப்புக்கொண்டனர். ஆயினும் அறுவை அரங்கின் வேலை தடைப்படுகிறது என்று கூறிப் பெரும்பாலோர் இதைத் தொடர்வதை எதிர்த்தனர்! நிர்வாகத்தில் இருப்போர் இந்த இரண்டாவது முடிவைத்தான் இருமுறை படிக்க வேண்டும். ஒரு நல்ல திட்டம் பயனின்மையால் மட்டுமே தோற்பதில்லை. வேலை செய்பவர்களின் ஒழுங்கில் அதற்கு இடம் பண்ணிக் கொடுக்காவிட்டாலும் அது தோற்றுப்போகும்.

இஸ்ரேலில் 3 முதல் 8 வயதுள்ள 65 குழந்தைகளிடம் செய்து 2009இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. காத்திருக்கும் அறையில் கோமாளியோடு இருந்த குழந்தைகளே ஏனையோரைவிட அமைதியாக இருந்தனர். வழக்கமாகக் கொடுக்கப்படும் மிடசோலம் என்ற அமைதி மருந்தைப் பெற்றவர்களைவிடவும் கூட. ஆனால் மயக்க மருந்து முகமூடியை முகத்தருகே கொண்டுவந்த நொடியில் கோமாளிப் பிரிவுக் குழந்தைகளின் அச்சம் உயர்ந்துவிட்டது. காத்திருக்கும் அச்சத்தைக் கோமாளி தணிக்கிறான். முகமூடியின் அச்சத்துக்கு முன்கூட்டியே வேறு ஆயத்தம் வேண்டும் என்பதே இதன் பொருள். முகமூடியை முன்னதாகவே விளையாட்டுப் பொருளாக்கிக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுவது ஒரு வழி.

2020இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு 24 ஆய்வுகளை, மொத்தம் 1,612 குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் எடுத்துக்கொண்டு, பதற்றம் குறைவதிலும் மனநலம் மேம்படுவதிலும் கோமாளிகளால் பயனிருக்கிறது என்று முடிவு செய்தது. அந்த ஆய்வுகளின் தரம் ஒரே சீராக இல்லை என்பதையும் கூறவேண்டும். கோமாளியை மறைத்து வைத்து ஆய்வு நடத்த முடியாதல்லவா! கோமாளியை அறவே விரும்பாத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்காகத்தான் வாயிற்படி.

நம் நாட்டில்

இந்தியாவில் இம்முயற்சி பெரும்பாலும் தன்னார்வலர் கையில் இருக்கிறது. டெல்லியில் 2016இல் தொடங்கிய ‘கிளௌன்செலர்ஸ்’ குழுவினர் அரசு மருத்துவமனை வார்டுகளுக்குச் சென்று வந்திருக்கின்றனர். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் ‘மெடிகிளௌன் அகாடமி’ பயிற்சி அளித்திருக்கிறது. இவை பாராட்டுக்குரியவை. ஆனால் பல ஊர்களில் நடப்பது வேறு. நவம்பர் 14 அன்று ஒரு குழுவினர் பலூனும் பிஸ்கட்டும் கொண்டு வருகின்றனர். படுக்கைதோறும் புகைப்படம் எடுத்துக்கொள்கின்றனர். ஒரு மணி நேரத்தில் போய்விடுகின்றனர். நோயால் முகம் வீங்கிக் கிடக்கும் குழந்தையிடம் ‘சிரி’ என்று சொல்லிப் படம் எடுப்பதை எந்த வகையிலும் சேவை என்று என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தையின் படுக்கைக்கு அருகில் காமிரா கூடாது என்ற ஒரு விதியை மருத்துவமனைக் கண்காணிப்பாளர் இன்றே பிறப்பிக்கலாம், செலவு ஏதுமில்லை.

புதிய திட்டம் ஒன்று வேண்டும் என்று நான் கேட்கப்போவதாக எண்ணவேண்டாம். இருக்கும் திட்டங்களிலேயே இடமிருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2021 செப்டம்பர் 17 அன்று, அரசு மருத்துவ நிலையங்களில் குழந்தைகளுக்கான சேவையின் தரத்தை உயர்த்தும் பொருட்டு ‘முஸ்கான்’ என்ற முயற்சியைத் தொடங்கியது. அச்சொல்லுக்குப் புன்னகை என்பது பொருள். குழந்தைக்கு இணக்கமான சூழல் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. சுவரில் யானையும் முயலும் வரைந்ததோடு அந்நோக்கம் நிறைவேறிவிட்டதாகக் கருதும் போக்கு உண்டு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தினர் 4 முதல் 16 வயதுவரையுள்ள இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் மருத்துவமனைச் சுவர்ப் படங்களைப் பற்றிக் கேட்டபோது, கோமாளிப் படங்கள் பிடிக்கவில்லை என்ற முடிவு 2008இல் வெளிவந்தது. சுவரில் இருக்கும் கோமாளி அனுமதி கேட்பதில்லை. ‘வேண்டாம்’ என்றாலும் போவதில்லை.

ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களை எடுத்துக்கொள்வோம். கடுமையான ஊட்டக் குறைவுக்கு ஆளான குழந்தை தாயுடன் அங்கே சேர்க்கப்படுகிறது. தாயின் கூலி இழப்புக்கு ஈடாக ஒரு தொகையும் வழங்கப்படுகிறது. உலக சுகாதார அமைப்பு 2003இல் வெளியிட்ட சிகிச்சைக் கையேட்டில் பத்துப் படிகள் கூறப்பட்டுள்ளன. இரத்தச் சர்க்கரை குறையாமல் காத்தல், உடல் வெப்பத்தைக் காத்தல், நீரிழப்பைச் சரிசெய்தல் எனத் தொடங்கும் அவ்வரிசையில் ஒன்பதாவது படி, புலன்களைத் தூண்டுவதும் மன ஆதரவு அளிப்பதும். நாள்தோறும் 15 முதல் 30 நிமிடம் முறையாக விளையாட்டுக் காட்ட வேண்டும் என்பது அதன் விளக்கம். பால் கலவையின் அளவைக் கூறும் அதே கையேடுதான் விளையாட்டின் அளவையும் கூறுகிறது. ஊட்டக் குறைவுற்ற குழந்தை சிரிப்பதில்லை. அழுவதற்கும் சக்தியில்லாமல் வெறித்துப் பார்க்கும். குணமாவதன் தொடக்க அறிகுறிகளுள் ஒன்றாகக் குழந்தை மருத்துவப் பாடநூல்கள் கூறுவது, புன்னகை திரும்புவதை.

மருந்துப் பதிவேட்டில் பாலின் அளவும் எடையும் நாள் தவறாமல் எழுதப்படுகின்றன. ஒன்பதாவது படிக்குப் பல இடங்களில் பத்தியே கிடையாது. எழுத இடமில்லாத வேலையை நம் அலுவலகங்களில் யாரும் செய்வதில்லை. ஆகவே என் முதல் வேண்டுகோள் ஒரு பத்தி. இன்று விளையாட்டுக் காட்டியவர் யார், எவ்வளவு நேரம், குழந்தை எப்படி எதிர்கொண்டது என்பதற்கு மூன்று கட்டங்கள் போதும்.

விளையாட்டுக் காட்டுவது யார் என்பது அடுத்த கேள்வி. நியூயார்க்கிலிருந்து எவரையும் அழைத்துவர வேண்டியதில்லை. காஷ்மீரத்தின் பாண்ட் பாதரில் மஸ்கரா இருக்கிறான். கேரளத்துக் கூடியாட்டத்தில் விதூஷகன் இருக்கிறான். தமிழகத்துத் தோற்பாவைக் கூத்தில் உளுவத்தலையனும் உச்சிக்குடும்பனும் இருக்கின்றனர். அறியாமையால் அறிவாளியைத் தோற்கடிப்பது இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை. 1954இல் நிறுவப்பட்ட மத்திய அரசின் பாடல், நாடகப் பிரிவு இத்தகைய கலைஞர்களைக் கொண்டு குடும்ப நலச் செய்திகளைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது. அப்பிரிவு 2017இல் வேறு பிரிவுகளுடன் இணைக்கப்பட்டுவிட்டது. அதன் வழியாகக் கிடைத்த அனுபவம் மறையவில்லை. அன்று கலைஞர் வாயில் நாம் செய்தியை வைத்தோம். வார்டில் அதைச் செய்யக் கூடாது. ‘கை கழுவு, கீரை சாப்பிடு’ என்று கோமாளி உபதேசம் செய்யத் தொடங்கினால் அவனும் கட்டளையிடுவோர் வரிசையில் போய் நின்றுவிடுவான்.

அக்கலைஞர்களுக்குத் தொற்றுத் தடுப்பிலும், மெல்லிய குரலில் பேசுவதிலும், துயரம் மிகுந்த இடத்தில் வாயடைத்து நிற்பதிலும் பயிற்சி வேண்டும். திருவிழா மேடையில் ஆயிரம் பேரைச் சிரிக்கவைப்பவருக்கு ஒரே ஒரு குழந்தையின் முன்னால் நிற்பது எளிதன்று. மாதச் சம்பளமோ வருகைக்கு இவ்வளவு என்ற ஊதியமோ அளிக்க வேண்டும். மாலையும் பொன்னாடையும் அவர்கள் குடும்பத்தைக் காப்பாற்றா. நோயாளர் நலச் சங்கங்களின் நிதியிலிருந்து ஒரு மாவட்ட மருத்துவமனையில் வாரம் இரண்டு நாட்கள் என்று தொடங்கிப் பார்க்கலாம். இதைத் தொடங்குமுன் செவிலியர் கூட்டத்தைக் கூட்டி, எந்த நேரம் அவர்களுக்கு இடையூறாகாது என்று கேட்டுவிடுவது நல்லது. ஃபுளோரன்ஸில் நேர்ந்தது இங்கும் நேர வேண்டாம்.

கலைஞர் கிடைக்காத மருத்துவமனைகளும் இருக்கும். அங்கே மாணவர்களாகிய உங்களால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஊசி போடுவது, இரத்தம் எடுப்பது, கட்டு மாற்றுவது ஆகியவற்றைக் கூடுமானவரை குழந்தையின் படுக்கையில் செய்யாமல் தனி அறைக்கு அழைத்துச் சென்று செய்யுங்கள். படுக்கை குழந்தையின் வீடு; அங்கே வலி வரக் கூடாது. தாயிடம் குழந்தையைப் படுக்க வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லாமல், மடியில் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கச் சொல்லுங்கள்; கையை அசையாமல் பிடிக்கும் வேலையை வேறொருவர் செய்யட்டும். எந்தக் கையில் ஊசி, வலக்கையா இடக்கையா என்று குழந்தையைக் கேளுங்கள். இரண்டில் ஒன்று நமக்குப் போதும். தேர்வு அதனுடையதாக இருக்கட்டும். காலி மருந்துப் பெட்டி, புட்டி மூடிகள், நூற்கண்டு உருளை ஆகியவற்றைச் சுத்தம் செய்து கோத்தால் கிலுகிலுப்பையும் வண்டியும் ஆகின்றன. ஊட்டக் குறைவுக் கையேட்டிலேயே இவற்றைச் செய்யும் முறை படத்துடன் இருக்கிறது. உங்கள் வார்டில் அந்தப் பக்கம் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் ஒரு படி எடுத்து செவிலியர் மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.